மாடு நமது, மூக்கணாங்கயிறு அவர்களுடையதா?

சந்தைக்குப் போகிறோம். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, தரகனுக்குத் தரகு கொடுத்து ஒரு காளையை வாங்குகிறோம். பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்ட பிறகு விற்றவன் சொல்கிறான்: "மாடு உன்னுடையதுதான். ஆனால் நான் விற்கிற வைக்கோலைத்தான் அது தின்னும். பக்கத்து ஜில்லா வைக்கோலைக் காட்டினால் வாய் திறக்காது. உன் வரப்பில் முளைத்த புல்லைப் போட்டாலும் திறக்காது. கால் ஒடிந்தால் என் வைத்தியனிடம்தான் வர வேண்டும். மூக்கணாங்கயிற்றின் முனை என்றைக்கும் என் கையில்தான் இருக்கும்."

இப்படி ஒருவன் சொன்னால் சந்தையே கூடி நின்று சிரிக்கும். "பணத்தைத் திருப்பிக் கொடுடா" என்று சட்டையைப் பிடிப்பார்கள். ஆனால் இதே பேச்சை உலகத்தின் பெரிய கம்பெனிகள் முப்பது ஆண்டுகளாகப் பேசி வருகின்றன. யாரும் சிரிக்கவில்லை. சட்டசபைகள் அதற்குத் தலையாட்டின. எதிர்த்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

நாம் சொல்வது டெலிவிஷனில் மாட்டி விளையாடும் விளையாட்டுப் பெட்டியைப் பற்றி. "மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இது எதற்கு? பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குத்தானே?" என்று நமது வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பொம்மையில் போட்டுப் பழகிய பூட்டுத்தான் இன்று டிராக்டருக்கு வந்திருக்கிறது. ஆகவே பொம்மையிலிருந்தே தொடங்குவோம்.

நான்கு எழுத்துப் பூட்டு

1994 டிசம்பரில் ஜப்பானில் சோனி கம்பெனி பிளேஸ்டேஷன் என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1995 செப்டம்பரில் அது அமெரிக்காவுக்குப் போனது. அங்கே விலை 299 டாலர். விளையாட்டுகள் சி.டி. தட்டில் வந்தன. தட்டை அச்சடிக்க அதிகச் செலவில்லை. ஆனால் அதே காலத்தில் சி.டி.யை வீட்டிலேயே நகல் எடுக்கும் கருவியும் மலிவாகத் தொடங்கியது. கம்பெனிக்குக் கவலை பிறந்தது. அந்தக் கவலையில் பிறந்ததுதான் இந்தப் பூட்டு.

பூட்டின் சூட்சுமத்தை உழவனுக்கு விளக்குவது எளிது. ஒரு சி.டி. தட்டில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே சால் சுற்றிச் சுற்றிப் போகிறது. அதை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் நாற்பது சுற்றுகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு நெருக்கம். அந்தச் சாலில் விதைத்தாற்போல் நுண்ணிய குழிகள். லேசர் ஒளி அந்தக் குழிகளின்மேல் ஓடிப் படிக்கிறது. விளையாட்டின் விவரம் முழுவதும் அந்தக் குழிகளில்தான் இருக்கிறது.

சோனி என்ன செய்தது? தன் ஆலையில் அச்சடிக்கும் தட்டுகளில், படிப்பு தொடங்கும் நடுப்பகுதியில், அந்தச் சாலையே சற்று அப்படியும் இப்படியும் நெளியும்படி அமைத்தது. நெளிவுக்கு ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளம் நான்கு எழுத்துகளைச் சொல்லும். ஜப்பான் தட்டு என்றால் எஸ்.சி.இ.ஐ.; அமெரிக்கத் தட்டு என்றால் எஸ்.சி.இ.ஏ.; ஐரோப்பியத் தட்டு என்றால் எஸ்.சி.இ.இ. பெட்டியைப் போட்டதும் அது முதலில் இந்த நான்கு எழுத்தைத் தேடும். தன் நாட்டு எழுத்து கிடைத்தால் விளையாட்டு ஓடும். கிடைக்காவிட்டால், பிளேஸ்டேஷன் தட்டைப் போடு என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

நகல் எடுப்பவனால் ஏன் இதை நகல் எடுக்க முடியவில்லை? காரணம் இரண்டு. நகல் கருவி குழிகளைத்தான் படிக்கிறது; சாலின் நெளிவை அது விவரமாக எடுத்துக்கொள்வதில்லை. இது ஒன்று. இரண்டாவது, நாம் கடையில் வாங்கும் வெற்றுத் தட்டில் சால் முன்கூட்டியே உழுது வைக்கப்பட்டிருக்கிறது. எழுதும் கருவி அந்தச் சாலைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். பிறர் உழுது வைத்த சாலில் விதை போடலாம். சாலின் வளைவை மாற்ற முடியாது அல்லவா? அதுதான் கதை. துணி முழுவதையும் அச்சாக நெய்துவிட்டாலும் கரையில் மில்லின் பெயர் இல்லாவிட்டால் வியாபாரி திருப்பி அனுப்புவதைப் போல, விவரம் ஓர் எழுத்துக்கூடக் குறையாத நகலையும் பெட்டி திருப்பி அனுப்பிவிடும்.

வேலைத்திறனைப் பொறுத்த வரையில் இது மெச்சத்தக்க வேலைதான். அதை யோசித்தவர்களும் உழைப்பாளிகளே. நமது கேள்வி வேறு. இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது?

மூன்று பேரைத் தடுத்த பூட்டு

முதலாவதாக, திருட்டு சி.டி. விற்பவனைத் தடுக்கிறது. சரி.

இரண்டாவதாக, ஜப்பானில் முழு விலை கொடுத்து அசல் தட்டு வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தவனையும் தடுக்கிறது. அவன் யாரைத் திருடினான்? சோனிக்குச் சேர வேண்டிய பணம் சோனிக்குச் சேர்ந்துவிட்டதே! தடுக்கக் காரணம், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு விலை, ஒரு நாள் என்று கம்பெனி தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். சரக்கும் மூலதனமும் எல்லை தாண்டலாம். வாங்குபவன் மட்டும் வேலிக்குள் நிற்க வேண்டும்.

மூன்றாவதாக, தானே ஒரு விளையாட்டை எழுதித் தன் பெட்டியிலேயே போட்டுப் பார்க்க நினைத்தவனையும் தடுக்கிறது. அவன் எதையும் நகல் எடுக்கவில்லை. தன் மூளையால் உழைத்தான். ஆனாலும் அவன் தட்டில் நான்கு எழுத்து இல்லை. பெட்டிக்கு விளையாட்டு தயாரிக்கிற மற்ற கம்பெனிகளானாலும் சோனியிடம் அனுமதி வாங்கி, உரிமைத்தொகை கட்டி, சோனியின் வழியாகவே தட்டை அச்சடிக்க வேண்டும். தாமாக எழுதிப் பழகுவோருக்கென்று 1990களின் பிற்பகுதியில் சோனி ஒரு தனிக் கறுப்புப் பெட்டியை விற்றது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 750 டாலர்! அதில் எழுதிய விளையாட்டையும் தட்டில் பதித்துச் சாதாரணப் பெட்டியில் ஓட்ட வழியில்லை.

ஆக, திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டு என்கிறார்கள். ஆனால் அந்தப் பூட்டுக்குத் திருடன் யார், வாங்கியவன் யார், உழைத்தவன் யார் என்று தெரியாது. "என் முத்திரை இருக்கிறதா?" என்று மட்டுமே அது கேட்கிறது. இது காவல்காரன் கேட்கிற கேள்வி அல்ல. சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிற கேள்வி.

சிட்னி வழக்கு

பூட்டு இருந்தால் திறவுகோலும் பிறக்கும். ரிப்பேர்க் கடைக்காரர்கள் ஒரு சிறு சிப்பைக் கண்டுபிடித்தார்கள். சில கம்பிகளைப் பற்றவைத்துப் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டால், தட்டு சொல்ல வேண்டிய நான்கு எழுத்தை அந்தச் சிப்பே சொல்லிவிடும். பெட்டி நம்பிவிடும். இதற்குப் பதிலடியாக, கேட்கக் கூடாத நேரத்திலும் அந்த எழுத்து கேட்கிறதா என்று வேவு பார்க்கும் விளையாட்டுகள் வந்தன. அதற்கும் பதிலாக, வேண்டிய நேரத்தில் மட்டும் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சிப்புகள் வந்தன. இந்தப் பந்தயம் முடியாது என்று கண்டதும், பெரிய கம்பெனிகள் சாமர்த்தியத்தை விட்டுச் சட்டத்தைப் பிடித்தன. 1998இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. பூட்டை உடைப்பதும் குற்றம்; உடைக்கும் கருவியை விற்பதும் குற்றம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைத் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிட்னி நகரத்தில் ஒருவர் பிளேஸ்டேஷன் பெட்டிகளில் இந்தச் சிப்பை வைத்துக் கொடுத்தார். அவர் நகல் தட்டுகளும் விற்றார். அது வேறு விஷயம், அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சிப் வைப்பதே குற்றம் என்று சோனி வழக்குத் தொடுத்தது. வாங்குவோர் நலனைக் கவனிக்கும் அந்நாட்டு சர்க்கார் கமிஷனே கோர்ட்டுக்கு வந்து, சோனியின் வாதம் சரியல்ல என்றது. 2002இல் ஒரு நீதிபதி சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2003இல் மேல் கோர்ட்டு அதைப் புரட்டியது. 2005 அக்டோபர் 6ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக, சோனியின் வாதத்தைத் தள்ளிவிட்டது.

காரணம் மிக எளிது. சட்டம் காக்க வந்தது எதை? நகல் எடுக்கும் உரிமையை. இந்தப் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கிறதா? இல்லை. நகல் எடுத்தாகிவிட்டது; அது முடிந்த கதை. பூட்டு தடுப்பது, அதன் பிறகு பெட்டியில் போட்டு விளையாடுவதைத்தான். விளையாடுவதைத் தடுக்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் யாருக்கும் கொடுக்கவில்லையே! கையெழுத்துப் போடத் தெரிந்த எவருக்கும் விளங்கும் நியாயம் இது.

நியாயம் வென்றது. எத்தனை நாளைக்கு?

தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2004 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. 2005 ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது. மாட்டிறைச்சி, சர்க்கரை, மருந்து என்று பேசிய அந்த ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் இந்தப் பூட்டுகளைப் பற்றிய ஷரத்தும் இருந்தது. அமெரிக்கச் சட்டத்தைப் போன்ற சட்டத்தை நீயும் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். 2006 டிசம்பரில் ஆஸ்திரேலியப் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. ஆறு நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு ஓராண்டுக் காலத்தில் செல்லாக்காசாயிற்று!

கோர்ட்டில் தோற்ற கம்பெனி ஒப்பந்த மேசையில் ஜெயித்தது. இதுதான் சிட்னி வழக்கின் பாடம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அசல் தட்டை வெளிநாட்டில் வாங்கி வந்தவனைத் தடுக்கும் நாட்டுப் பூட்டுக்கு மட்டும் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது என்று அந்தத் திருத்தத்திலேயே விதிவிலக்கு வைத்தார்கள். வாதாடியது முற்றிலும் வீண்போகவில்லை.

"உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?"

கம்பெனிகளின் வாதம் இது. மேலோட்டமாகக் கேட்டால் நமது வாயிலிருந்து வந்த வாதம் போலவே இருக்கும். ஆகையால் இதை ஒதுக்கித் தள்ளாமல் நேருக்கு நேர் பார்ப்போம்.

ஒரு விளையாட்டைத் தயாரிக்க நூற்றுக்கணக்கான பேர் மாதக்கணக்கில் கண் விழிக்கிறார்கள். அதை ஒரே இரவில் ஆயிரம் நகல் எடுத்து விற்றுப் பணம் சேர்க்கிறவன் பிறர் உழைப்பைத்தான் தின்கிறான். அவனும் ஒரு குட்டி முதலாளியே. அவனுக்கு நாம் பரிந்து பேச மாட்டோம்.

ஆனால் பூட்டுப் போட்டதால் உழைத்தவனுக்குக் கூலி உயர்ந்ததா? விளையாட்டை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். எழுதியதன் உரிமை கம்பெனியுடையது. பெட்டியைக் கோத்துத் தயாரிக்கும் தொழிலாளியின் கதை என்ன? 2012 ஜனவரியில் சீனாவின் ஊஹான் நகரத்தில், மைக்ரோசாப்ட் கம்பெனியின் எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளைத் தயாரித்துக் கொடுத்த பாக்ஸ்கான் ஆலையில், நூறு பேருக்கு மேற்பட்ட தொழிலாளிகள் கூரைமேல் ஏறினார்கள். வேலை மாற்றமும் பணமும் பற்றிய தகராறு. குதித்துவிடுவோம் என்றார்கள். பேசி இறக்க வேண்டியதாயிற்று. தட்டைக் காக்க அத்தனை நுட்பமான பூட்டைச் செய்யத் தெரிந்த மூளைகளுக்கு, அந்தத் தொழிலாளியைக் கூரையேற விடாமல் காக்க ஒரு வழி தோன்றவில்லையே!

நகல் தட்டு வந்தால் தொழிலே அழியும் என்றும் பயமுறுத்துகிறார்கள். கணக்கைப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷனுக்குச் சிப் வைப்பது பல நாடுகளில் தெருக்கடை வேலையாக இருந்தது. அப்படியும் அந்தப் பெட்டி உலகமெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது! இன்னொரு பக்கம், செகா கம்பெனி 1998இல் டிரீம்காஸ்ட் என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. வீட்டுக் கருவியால் எழுத முடியாத, சாதாரண சி.டி.யைவிட அதிகம் கொள்ளும் தனித் தட்டு அதற்கு. ஆனால் படம் சேர்ந்த ஒருவகைப் பாட்டுத் தட்டுக்கென்று வைத்த சிறு வாசல் ஒன்று திறந்திருந்தது. 2000இல் அந்த வாசல் வழியாக நகல் தட்டுகள் நுழைந்தன, சிப்கூடத் தேவைப்படவில்லை. 2001 ஜனவரியில் அந்தப் பெட்டியை நிறுத்துவதாகச் செகா அறிவித்தது. நகல் தட்டுத்தான் கொன்றது என்று சொல்வார் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய பெட்டியிலேயே செகா நஷ்டப்பட்டிருந்தது. சோனியின் இரண்டாவது பெட்டி 2000இல் சந்தைக்கு வந்து நின்றது. நோயாளிக்குப் பல நோய் இருக்க, கொசுக்கடியால் செத்தான் என்று எழுதுவது சரியாகுமா? அந்தத் திறந்த வாசல் வழியாக இன்னொன்றும் நடந்தது. கம்பெனி கைவிட்ட அந்தப் பெட்டிக்கு, யாருடைய அனுமதியும் கேளாமல், ஆர்வமுள்ளவர்கள் பல ஆண்டுகள் புது விளையாட்டுகளை எழுதிக் கொடுத்தார்கள். பூட்டு இறுகியிருந்தால் அந்த உழைப்புக்கு இடமே இருந்திருக்காது.

அசல் தட்டுக்கும் வந்த ஆபத்து

நகல் தட்டைத் தடுக்கிறோம் என்று தொடங்கியவர்கள் அங்கேயே நின்றார்களா? இல்லை. 2013இல் மைக்ரோசாப்ட் கம்பெனி எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற புதிய பெட்டியை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையம் வழியாக அது கம்பெனியிடம் ஆஜராக வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டை நண்பனுக்கு இரவல் கொடுக்கவும், பழைய கடையில் விற்கவும் கட்டுப்பாடு என்றார்கள். பழைய சைக்கிளை விற்கக் கம்பெனியைக் கேட்க வேண்டும் என்பதைப் போன்ற பேச்சு!

வாங்குவோர் சும்மா இருக்கவில்லை. நாடு நாடாகக் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, பெட்டி விற்பனைக்கு வருவதற்கு முன்பே, கம்பெனி இந்த நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது. ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் கம்பெனிகள் வேறு வழி பிடித்தன. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் தட்டுப் போடும் வாயே இல்லாத ஒரு ரகமும் உண்டு. தட்டே இல்லையென்றால் இரவல் ஏது? பழைய கடை ஏது?

பெட்டியிலிருந்து டிராக்டருக்கு

இனி ரிப்பேர் விஷயம். இந்தப் பெட்டிகளில் முதலில் பழுதாவது தட்டு சுழலும் பகுதி. எந்த ரிப்பேர்க்காரரும் கெட்ட பெட்டி ஒன்றிலிருந்து அந்தப் பகுதியைக் கழற்றி இதில் மாட்டிவிடுவார். ஆனால் பிற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் அது நடவாது. தட்டுச் சுழலும் பகுதிக்கும் பெட்டியின் தாய்ப்பலகைக்கும் ஆலையிலேயே ரகசிய எண்ணால் முடிச்சுப் போட்டு விடுகிறார்கள். வேறொன்றை மாட்டினால் பெட்டி அதை ஏற்காது. அசல் பகுதியானாலும் ஏற்காது.

இந்தக் கொடுமையை அமெரிக்க சர்க்காரே பார்க்க வேண்டி வந்தது. 2021 அக்டோபரில், விளையாட்டுப் பெட்டியின் தட்டுப் பகுதியை ரிப்பேர் செய்வதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் பூட்டை மறுபடி போட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியை விற்பது குற்றமாகவே நீடித்தது. கதவைத் திறக்கலாம், திறவுகோல் விற்கக் கூடாது! இந்தச் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழை என்ன செய்வான்?

இதே சட்டம், இதே வகைப் பூட்டு, டிராக்டருக்குள்ளும் நுழைந்தது. புது டிராக்டர்களில் எஞ்சினை ஆள்வது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். அதற்குப் பூட்டு. அறுவடை நேரத்தில் வண்டி நின்றால், கோளாறு எது என்று பார்க்கக்கூடக் கம்பெனி ஆள் வர வேண்டும். அமெரிக்க விவசாயிகள் போராடிய பின், 2015இல் டிராக்டரின் சொந்தக்காரர் ரிப்பேருக்காகப் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்குக் கிடைத்தது. 2023இல் கொலராடோ மாகாணம் விவசாய யந்திரங்களை ரிப்பேர் செய்யும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் ஜான் டீர் டிராக்டர் கம்பெனியின்மேல், ரிப்பேர் வேலையை ஏகபோகமாக்கிக்கொண்டது என்று அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே வழக்குத் தொடுத்தது.

பொம்மைப் பெட்டியில் பழகிய கை கலப்பைக்கு வந்துவிட்டது. நமது வயல்களில் உழுவதும் டிராக்டர்தான். வாடகை வண்டி நின்றால் அன்று கூலி இல்லை என்பது நடவுக்குப் போகும் நமது பெண்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் என்ன நிலை?

தட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திருட்டு வி.சி.டி. சமாசாரம். 2004இல் தமிழ்நாட்டில், குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் தரும் சட்டம் அது. தட்டுக்குப் பின்னால் இருக்கும் பணமுதலையைவிட, பிளாட்பாரத்தில் தட்டை விரித்து வைத்திருப்பவனே இத்தகைய சட்டத்துக்கு எளிதாக அகப்படுவான். பூட்டுச் சட்டங்களும் இப்படி ஏழையின் கழுத்தில் விழக் கூடாது என்பதே நமது கவலை.

இந்திய நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதில் முற்றிலும் மோசமானதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் நிரலை, கெட்டுப்போனால் உதவும் என்று நகல் எடுத்து வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பவனுக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. ஆனால் உரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. திறந்து கொடுக்கும் ரிப்பேர்க்காரர், யாருக்காக, எதற்காகத் திறந்தோம் என்று பெயர், விலாசத்தோடு எழுதி வைக்க வேண்டும்; அவ்வளவே. 'நோக்கத்தோடு' என்ற அந்த ஒரு சொல்தான் அமெரிக்கச் சட்டத்துக்கும் நமது சட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அந்த ஒரு சொல்தான் ரிப்பேர்க் கடைக்காரரைச் சிறைக்கு வெளியே நிறுத்துகிறது.

2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ரிப்பேர் உரிமை பற்றி ஆராய ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்தார்கள். நல்லதுதான். ஆனால் குழு போடுவது வேறு, சட்டம் போடுவது வேறு என்பது சம்பளக் கமிஷன்களைப் பார்த்த நமக்குத் தெரியாததல்ல.

நாம் கேட்பது மூன்று.

முதலாவது: 65ஏ பிரிவிலுள்ள அந்தச் சொல்லை எந்த நாட்டோடு செய்யும் வர்த்தக ஒப்பந்தத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் ஷரத்துகளைக் கையெழுத்துப் போடும் முன்பே பார்லிமெண்டில் வைத்து விவாதிக்க வேண்டும். சிட்னியில் நடந்தது டில்லியில் நடக்கக் கூடாது.

இரண்டாவது: ரிப்பேர் உரிமை சட்டமாக வேண்டும். உதிரிப் பகுதிக்கும் யந்திரத்துக்கும் ரகசிய முடிச்சுப் போடுவதை அந்தச் சட்டம் தடுக்க வேண்டும். பூட்டைத் திறக்கும் உரிமையோடு அதற்கான கருவியை விற்கும் உரிமையும் சேர வேண்டும்.

மூன்றாவது: பொம்மையானாலும் டிராக்டரானாலும், இன்ன இன்ன பூட்டு இதில் இருக்கிறது, இன்னின்னதை இது ஏற்காது என்று விற்பதற்கு முன்பே வாங்குவோரின் மொழியில் எழுதி ஒட்ட வேண்டும்.

இதில் இனாமாகக் கேட்பது எதுவுமில்லை. பிறர் உழைப்பைத் திருடவும் நாம் கேட்கவில்லை. கொடுத்த காசுக்குப் பொருளைக் கொடு, பொருளோடு கயிற்றையும் கொடு என்றுதான் கேட்கிறோம். மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொள்கிறவன் மாட்டை விற்கவில்லை. நம்மைத்தான் கட்டி வைத்திருக்கிறான்.